அச்சமும் மருட்கையும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இலக்கியத் தொடரில் பேய்ப்படம் பேசுவதா என்று முகஞ்சுளிக்கும் நேயர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். நான் தமிழாசிரியன். ஒவ்வொரு தவணை முடிவிலும் சிவப்புப் பேனையோடு விடைத்தாள் கட்டுகளின் முன்னால் அமர்கிறவன். ஆகவே ஒருவர் ஏதேனும் ஒன்றுக்குப் புள்ளி போடுகிறார் என்றால், எந்தப் புள்ளித்திட்டத்தைக் கொண்டு போடுகிறார் என்று கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. இன்று நான் பேச வந்ததும் ஒரு புள்ளித்திட்டத்தைப் பற்றித்தான்.

எமது கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவர் சிலருக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. பழைய பேய்ப்படங்களையும் விஞ்ஞானக் கற்பனைப் படங்களையும் கைத்தொலைபேசியிலே தேடிப் பார்ப்பார்கள். பார்த்து முடிந்ததும் ஐந்து நட்சத்திரத்துக்கு இத்தனை என்று மதிப்பிடுவார்கள். 1931 இல் வெளிவந்த 'டிராகுலா'வுக்கு ஒருவன் ஒன்றரை நட்சத்திரம் கொடுத்திருந்தான். காரணம் கேட்டேன். "சேர், வௌவால் நூலிலே தொங்குது. பயம் வரேல்லை, பகிடிதான் வருது" என்றான். வௌவால் நூலிலே தொங்குவது உண்மைதான். உற்றுப் பார்த்தால் எவர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் நூல் தெரிகிறதா இல்லையா என்பதைக் கொண்டு புள்ளியிடுவதென்றால், கணினி வருவதற்கு முன்னர் எடுக்கப்பட்ட அத்தனை படமும் சித்தியடையாது. ஓலைச்சுவடியில் எழுத்துச் சிதைந்திருக்கிறது என்று குறுந்தொகைக்குப் புள்ளி குறைப்பதைப் போன்றது அது.

அப்படியானால் எதைக் கொண்டு மதிப்பிடுவது? இதற்கு நாம் மேல்நாட்டுத் திறனாய்வாளரைத் தேடிப் போக வேண்டியதில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாவது இயல் மெய்ப்பாட்டியல். அங்கே எட்டு மெய்ப்பாடுகள் சொல்லப்படுகின்றன. ஒவ்வொரு மெய்ப்பாடும் பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களும் சொல்லப்படுகின்றன. எட்டினுள் அச்சம் ஒன்று, மருட்கை ஒன்று. மருட்கை என்றால் வியப்பு. பேய்ப்படம் என்பது அச்சத்தின் வேலை. விஞ்ஞானக் கற்பனைப் படம் மருட்கையின் வேலை. தொல்காப்பியர் திரைப்படம் கண்டவரல்லர். ஆனால் அச்சம் எதிலிருந்து பிறக்கிறது, வியப்பு எதிலிருந்து பிறக்கிறது என்று அவர் வகுத்த வகுப்பு, நட்சத்திரங்களை விட எனக்கு உதவியாக இருக்கிறது. ஒரு படம் எந்த நிலைக்களனைத் தொட முயல்கிறது, தொட்டதா, தொட்ட பின்னர் அங்கேயே நின்றதா என்ற மூன்று வினாக்களே எனது புள்ளித்திட்டம்.

மருட்கையை முதலிலே பார்த்துவிடுவோம், அது சுலபமானது. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன அதன் நான்கு நிலைக்களன்கள். பெருமைக்கு 1933 இல் வெளிவந்த 'கிங் கொங்'கை விடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா? சிறு பொம்மைக் குரங்கொன்றை அணுவணுவாக அசைத்து, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே படம் பிடித்து, நியூயோர்க் நகரின் உச்சிக் கட்டடத்தில் ஏற்றிவிட்டார் வில்லிஸ் ஓ'பிரையன் என்ற கலைஞர். சிறுமைக்கு 1957 இல் ஜாக் ஆர்னல்ட் நெறியாள்கை செய்த 'தி இன்கிரெடிபிள் ஷிரிங்கிங் மேன்'. கடலிலே ஒரு மர்மப் புகார் உடம்பிற் பட, ஒரு மனிதன் நாளுக்கு நாள் சிறுத்துப் போகிறான். வீட்டுப் பூனை அவனுக்குப் புலியாகிறது, நிலவறைச் சிலந்தி அரக்கனாகிறது. ஆக்கம் என்பதற்கு, ஒன்று தன் தன்மை திரிந்து வேறொன்றாகும் பரிணாமத்தைக் கண்டு வியத்தல் என்று உரை காண்பர். 1931 ஆம் ஆண்டின் 'டொக்டர் ஜெகில் அன்ட் மிஸ்டர் ஹைட்' படத்தில் பிரெட்ரிக் மார்ச்சின் முகம் கமெராவின் முன்னாலேயே, வெட்டு எதுவுமின்றி, கொடியவனின் முகமாகக் கறுத்துத் திரிகிறது. படம் கறுப்பு வெள்ளை. முகத்திலே பூசியதோ நிறச் சாயம். கமெராவின் முன் ஒரு நிறக் கண்ணாடி இருக்கும்வரை சாயம் தெரியாது. கண்ணாடியை மாற்றினால் பூச்சு வெளிப்படும். இந்த உபாயத்தைத் தெரிந்துகொண்ட பின்னரும் என் உடம்பு புல்லரிக்கிறது. நூல் தெரிந்த வௌவாலுக்குச் சிரித்த அதே மாணவன் இதற்குச் சிரிக்கவில்லை.

எஞ்சியது புதுமை. இங்கே கொழும்போடு தொடர்புடைய ஒரு கதை இருக்கிறது. ஆர்தர் சி. கிளார்க்கை எமது நேயர்களுக்கு அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. 1956 இல் இலங்கையிலே குடியேறியவர், 2008 மார்ச் 19 ஆம் திகதி காலமாகும்வரை இதையே தன் ஊராகக் கொண்டிருந்தார். பொரளைக் கனத்தையிலே அடக்கமானார். 1964 இல் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் அவரும் நியூயோர்க்கில் கூடி, பின்னர் 1968 இல் '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' என்று வெளிவந்த படத்துக்குக் கதை அமைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஆயத்தமாகப் பழைய விஞ்ஞானக் கற்பனைப் படங்களைப் போட்டுப் பார்த்தார்கள். எச். ஜி. வெல்ஸின் கதையில் உருவான 1936 ஆம் ஆண்டுப் படம் 'திங்ஸ் டு கம்'. கிளார்க் அதனைப் பெரிதும் மதித்தவர். குப்ரிக்கோ பார்த்து முடித்ததும், நீர் சிபாரிசு செய்யும் எதையும் இனிப் பார்க்கவே மாட்டேன் என்று வெறுத்துப் போனாராம். இதனைக் கிளார்க்கே எழுதியிருக்கிறார். இருவரும் மேதைகள். இருவரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்கள். ஒருவர் அதன் கருத்துக்குப் புள்ளியிட்டார். மற்றவர் கண்முன் தோன்றிய காட்சிக்குப் புள்ளியிட்டார். என்னைக் கேட்டால், இந்த வழக்கில் நான் குப்ரிக்கின் பக்கம். கருத்து எவ்வளவு பெரிதானாலும் மெய்யிலே படாவிட்டால் அது மெய்ப்பாடு ஆகாது.

தமிழிலும் விண்வெளிப் படம் ஒன்று அதற்கு முன்னரே வந்துவிட்டது. 1963 இல் ஏ. காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி'. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது. வேற்றுக் கிரகத்தார் விஞ்ஞானத்தில் உச்சத்தை எட்டியவர்கள், ஆனால் அவர்களிடம் கலை இல்லை. ஆகவே பூமிக்கு வந்து, பாடத் தெரிந்த ஒரு தமிழ்ப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். விண்கலத்துக்கும் விண்ணுடைக்கும் நான் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் போட மாட்டேன். ஆனால் இசைக்காகக் கிரகம் கடந்து வருகிறான் ஒருவன் என்ற கற்பனை இருக்கிறதே, அது ஹொலிவூட்டாருக்குத் தோன்றவில்லை. அங்கே வேற்றுக்கிரகத்தான் வந்தால் பூமியைப் பிடிக்க வருவான். எம்மிடம் வந்தவனுக்குப் பாட்டு வாத்தியார் தேவைப்பட்டது!

இனி அச்சத்துக்கு வருவோம். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கும் அச்சத்தின் நிலைக்களன்கள். அணங்கு என்பதிலே பேய், பூதம் முதலியவற்றை உரையாசிரியர்கள் அடக்குவர்.

பேய் எமது இலக்கியத்துக்குப் புதிதன்று. கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் ஒரு பேய்ப்படையையே நடமாட விட்டிருக்கிறார். அந்தப் பேய்களுக்குப் பசி உண்டு, குறை உண்டு, தலைவி உண்டு. போர் முடிந்ததும் களத்திலே கூழ் அடுகின்றன. 1978 இல் பி. விட்டலாச்சார்யா எடுத்த 'ஜகன்மோகினி' என்ற தெலுங்குப் படம் தமிழிலும் ஓடியது. விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்புக்குள் நீட்டி எரித்துச் சமைக்கும் பேயை அதிலே கண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். படித்தவர்கள் அந்தப் படத்தை ஏளனம் செய்வதுண்டு. எனக்கோ அந்த அடுப்படிப் பேய், பரணியின் கூழ்ப்பேய்க்கு உறவுக்காரியாகவே தோன்றுகிறாள். அச்சமும் நகையும் ஒரே பானையில் வேகின்றன. அதற்கு நல்ல புள்ளி உண்டு.

நான் புள்ளி குறைப்பது வேறு வகைப் படங்களுக்கு. வெள்ளைச் சேலை, மழை, தூரத்திலே பாட்டு, ஆளில்லா மாளிகை. இந்தியில் 1949 இல் கமால் அம்ரோஹி இயக்கிய 'மஹல்' இதற்கு வழி திறந்தது. மதுபாலாவின் உருவிலே அலைந்த ஆவி, கடைசியில் தோட்டக்காரனின் மகள் என்று தெரியவருகிறது. 1964 இல் 'வோ கௌன் தீ', அதைத் தழுவி 1966 இல் ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்த 'யார் நீ?'. இரண்டு மணி நேரம் எம்மை அணங்கினால் அஞ்ச வைத்துவிட்டு, இறுதியிலே சொத்துக்காக உறவினர் செய்த சூழ்ச்சி என்று கையை விரிக்கின்றன. தொல்காப்பியரின் பாஷையிலே சொன்னால், அணங்கு என்று தொடங்கிக் கள்வர் என்று முடிக்கிறார்கள். பகுத்தறிவுப் பிரசாரம் ஓங்கியிருந்த தமிழ்நாட்டில், பேய் உண்டு என்று படம் எடுக்கத் தயாரிப்பாளர் தயங்கியிருக்கலாம் என்று நினைக்கிறேன். அது நல்ல தயக்கமாகவும் இருக்கலாம். ஆனால் விடைத்தாளில் ஒரு வினாவுக்குத் தொடங்கி மற்றொரு வினாவுக்கு விடை எழுதியவனுக்கு எப்படி முழுப்புள்ளி போடுவது? கள்வரைக் காட்டுவதானால் 'சைக்கோ' போல, எமது 'சிகப்பு ரோஜாக்கள்' போல, நேராகவே காட்டலாமே.

பின்வாங்காமல் நின்ற ஒரு படத்தைச் சொல்கிறேன். 1964 இல் மலையாளத்தில் வந்த 'பார்கவி நிலையம்'. வைக்கம் முகம்மது பஷீர் தமது 'நீல வெளிச்சம்' என்ற சிறுகதையை விரித்துத் தாமே திரைக்கதை எழுதினார். ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட் இயக்கிய முதற் படம் அது. ஓர் எழுத்தாளன், பேய் வாழும் வீடு என்று ஊரே ஒதுக்கிய வீட்டுக்குக் குடிவருகிறான். ஓடிப்போகவில்லை. தெரியாமல் வந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே என்ற பாங்கிலே அந்த வீட்டுப் பெண்ணின் ஆவியோடு பேசத் தொடங்குகிறான். பின்னர் அவளது கதையை எழுதுகிறான், அவளுக்கே வாசித்துக் காட்டுகிறான். அச்சம் மெல்ல மெல்ல அழுகையாக மாறுகிறது. ஆனால் அவள் யாருடைய சூழ்ச்சியும் அல்லள். கடைசிவரை அணங்காகவே நிற்கிறாள். தென்னிந்தியப் பேய்ப்படங்களில் எனது முதற்புள்ளி இதற்கே.

விலங்கைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து 1952 இல் 'காடு' என்ற படம் எடுத்தார். எமது யானைகளுக்கே மயிர்த்தோல் போர்த்தி, ஆதிகாலத்து மம்மூத் என்று நடக்க விட்டார்கள். யானைகள் பாவம், அவ்வளவுதான்.

நான்காவது நிலைக்களனாகிய இறையைத்தான் பேய்ப்பட இரசிகர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இறை என்பதற்குத் தெய்வம் என்று மட்டும் பொருள் கொள்ளாதீர்கள். தந்தை, ஆசிரியர், அரசர் முதலானோரை அதில் அடக்குகிறார் உரைகாரர் பேராசிரியர். எம்மீது அதிகாரம் உள்ளவர் எவரோ அவர். ஆசிரியரையும் பட்டியலிலே சேர்த்தது எமக்குக் கொஞ்சம் சங்கடமான விடயந்தான்! 1920 இல் ஜேர்மனியில் வெளிவந்த 'டொக்டர் கலிகாரி'யின் படத்தை இந்த வகையின் தாய் எனலாம். ஒருவனைத் தூக்கத்திலேயே நடக்க வைத்து, கொலை செய்யவும் ஏவுகிறார் ஒரு வித்தைக்காரர். அவரைத் துரத்திக்கொண்டு போனால், மனநோய் மருத்துவமனையின் தலைவராக அமர்ந்திருக்கிறார். பின்னாளில் ஹிட்லர் வந்ததற்கான முன்னறிகுறியை இந்தப் படத்திலே கண்டார் சீக்பிரீட் கிரகவர் என்ற திறனாய்வாளர். 1947 இல் அதற்கென்றே ஒரு நூலும் எழுதினார்.

தமிழில் இதற்கு நிகராக நான் வைப்பது ஶ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963). எவரும் இதைப் பேய்ப்படம் என்று சொல்வதில்லை. மறுபிறவிக் காதற்கதை என்பார்கள். ஒளிப்பதிவு, நான் முன்னர் சொன்ன அதே வின்சென்ட். மகன் ஏழைப் பெண்ணை நேசிப்பதைப் பொறுக்காத ஜமீன்தாராக நம்பியார் வருகிறார். காதலர் செத்து மறுபடி பிறந்து வருகிறார்கள். அவரோ நூறு வயதைக் கடந்தும் சாகாமல், அதே வன்மத்தோடு காத்திருக்கிறார். பாருங்கள், இங்கே ஆவியாக அலைவது இறந்தவர்கள் அல்லர். உயிரோடு இருக்கும் அதிகாரமே அலைகிறது. வெள்ளைச் சேலைகளை விட அந்தக் கிழவரின் முகம் எனக்கு நெடுநாள் நினைவில் நின்றது.

இந்த நான்கு அறைகளுக்குள்ளும் அடங்காத ஓர் அச்சம் உண்டு என்பதை நான் நூலிலே கற்கவில்லை. 2020 மார்ச் முதல் மே வரை, கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் ஊரடங்கு நீண்ட காலத்தில் எமது ஹெந்தளை வீட்டிலே இரவு தோறும் ஒரு பழைய படம் பார்த்தோம். பிள்ளைகள் புள்ளியிட்டார்கள். அம்மா கதிரையில் இருந்து தேசிக்காய்த் தண்ணி குடித்தபடி பார்ப்பார். டிராகுலாவுக்கு அவர் அசையவில்லை. கலிகாரிக்குக் கொட்டாவி விட்டார். ஒரு நாள் 1931 ஆம் ஆண்டின் 'பிராங்கன்ஸ்டைன்' போட்டேன். போரிஸ் கார்லொவ் நடித்த அந்தப் பிணப்பூதம் முதன்முதல் முகம் திருப்பும் இடத்தில் பிள்ளைகள் கத்தினார்கள். அம்மா, "பாவம், பசியோ தெரியேல்லை" என்றார். படத்தின் இறுதியில் ஊரார் தீப்பந்தங்களோடு திரண்டு வருகிறார்கள். பூதத்தைத் துரத்திச் சென்று காற்றாலையோடு சேர்த்துக் கொளுத்துகிறார்கள். பந்தங்கள் மலைச்சரிவிலே தெரியத் தொடங்கியதும் அம்மா எழுந்துவிட்டார். "பந்தத்தோட வாறவையைக் காட்டாதை தம்பி. நிப்பாட்டு." நிற்பாட்டினேன். அவர் போய் வாசற்கதவின் கொளுக்கியைப் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

1983 ஜூலையில் எனக்கு நான்கு வயது. எனக்கு நினைவில் இருப்பது ஒரு பின்னறையும், சத்தம் போடாதே என்று வாயைப் பொத்திய கையும் மட்டுமே. அந்தப் பின்னறை எமது தெருவிலேயே இருந்த ஒரு சிங்களக் குடும்பத்தினுடையது. மூன்று நாட்கள் எம்மை வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு நினைவில் இருப்பது வேறு. வந்த கூட்டத்திலே அவருக்கு முகந்தெரிந்தவர்களும் இருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தை எந்த அறையில் வைப்பது? கள்வர் என்றால் தீத்தொழில் புரிவோர் என்று உரை சொல்கிறது. ஆனால் முதல்நாள்வரை அவர்கள் கள்வர் அல்லர். கடையிலே மாவும் சீனியும் நிறுத்துத் தந்தவர்கள், கண்டால் தலையசைத்தவர்கள். இறை என்றால், கூட்டத்துக்குத் தலை இல்லை. ஆனால் அதிகாரம் இருந்தது. விலங்கு என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் விலங்கு நெருப்புக் கொண்டு வராது. இந்த வினாவை வகுப்பிலும் போட்டேன். வன்னியிலிருந்து வந்து விடுதியிலே தங்கிப் படிக்கும் ஒரு மாணவன், கூட்டத்தை அணங்கு என்றே வைக்கலாம், சேர், ஏனென்றால் அது மனிதர்மேல் ஏறி இறங்குகிறது என்றான். அவனுக்கு முழுப்புள்ளி போட்டேன். ஆயினும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பேய் ஏறியது என்று சொல்லிவிட்டால், இறங்கிய பின்னர் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

'பிராங்கன்ஸ்டைன்' படத்துக்குப் பிள்ளைகள் மூன்று நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். அம்மாவின் மதிப்பீட்டை நட்சத்திரத்தில் எழுத முடியவில்லை. ஆனால் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர், மலையும் வானமும் திரைச்சீலையில் தீட்டிய கலையகத்துக்குள் எடுத்த ஒரு காட்சி, ஹெந்தளையில் ஒரு முதியவளை எழுந்து கதவைப் பார்க்க வைத்தது. எனது புள்ளித்திட்டத்தின்படி அதற்கு மேல் புள்ளி இல்லை.

தீயைப் பற்றிப் பேசியதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1922 இல் ஜேர்மனியர் முர்னோ 'நொஸ்பெராட்டு' என்ற படத்தை எடுத்தார். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலை அனுமதி பெறாமல், பெயர்களை மாற்றி எடுத்த படம். ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்தார். 1925 இல் ஜேர்மன் நீதிமன்றம் படத்தின் பிரதிகள் அனைத்தையும் அழிக்கும்படி தீர்ப்பளித்தது. ஆயினும் வெளிநாடுகளுக்குப் போயிருந்த பிரதிகள் தப்பின. அதனால் இன்றும் நாம் அதைப் பார்க்கிறோம், எனது மாணவனும் அதற்கு நட்சத்திரம் போடுகிறான்.

எமது ஹெந்தளையிலே விஜயா ஸ்டூடியோ இருந்தது. அதன் உரிமையாளர் கே. குணரத்தினம் தமிழர், சிங்களத் திரையுலகின் பெருந் தயாரிப்பாளர்களுள் ஒருவர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'சந்தேசய' (1960) அவர் தயாரித்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் அந்த ஸ்டூடியோ கொளுத்தப்பட்டது. சிங்களத் திரைப்படங்கள் பலவற்றின் மூலச்சுருள்கள் அதிலே எரிந்தன. 1989 இல் குணரத்தினம் சுட்டுக் கொல்லப்பட்டார். எரிந்த சுருள்களுக்கு நொஸ்பெராட்டுவுக்குப் போல அயல்நாட்டுப் பிரதி எத்தனைக்கு இருந்தது என்பதுதான் கேள்வி. புகையைத் தன் கண்ணாலே கண்டதாக அம்மா சொல்வார்.

எனக்கு ஒதுக்கிய நேரம் முடிந்து வருகிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய வீடுகளில் டெக் காலத்துப் படக்கொப்பிகள் இன்னும் பெட்டிகளுக்குள்ளே கிடக்கின்றன என்று அறிவேன். பூஞ்சணம் பிடித்தது என்று குப்பைக்கு அனுப்பும் முன்னர் பெயரையாவது வாசித்துப் பாருங்கள். இலங்கையிலே எடுத்த படம் ஏதும் அகப்பட்டால் நிகழ்ச்சித் தயாரிப்பாளருக்கு ஒரு அஞ்சலட்டை போடுங்கள். கூட்டத்தை எந்த நிலைக்களனில் வைக்கலாம் என்று தோன்றுவோரும் எழுதலாம். மாணவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.